மிலானில் நல்ல சுஷி கடையைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மிலானுக்குப் போகிறவர்களிடம் குங்குமப்பூ ரிசோட்டோ சாப்பிடுங்கள், கொத்தொலெத்தா சாப்பிடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதையே சொல்வேன். கூடவே, மூன்று நான்கு நாள் தங்குவதாக இருந்தால் ஒரு வேளையைச் சுஷிக்கு ஒதுக்குங்கள் என்பேன். ஜப்பானிய உணவு இந்த ஊருக்கு நேற்று வந்ததல்ல. இங்கே சுஷி பரிமாறத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கடல் பக்கத்தில் இல்லாவிட்டாலும், இத்தாலியின் பெரிய மொத்த மீன் சந்தைகளில் ஒன்று இந்த ஊரில்தான் இருக்கிறது. சிசிலியின் இறாலும் சார்டீனியாவின் சூரையும் இங்கே வந்து சேர்கின்றன. சுஷிக்கு ஏற்ற குட்டை அரிசி, ஊரைச் சுற்றியுள்ள வயல்களிலேயே விளைகிறது.

சிக்கல் என்னவென்றால், தெருவுக்குத் தெரு சுஷி கடை. பெரும்பாலானவை ஒரே மாதிரி பெயர்ப்பலகை, ஒரே மாதிரி மெனு. இவற்றில் நல்லதைப் பிரித்தெடுக்க ஒரு வழிமுறை வேண்டும். நான் பின்பற்றும் வழி இதுதான்: டோக்கியோவில் கிடைப்பது இங்கே கிடைக்கிறதா என்று தேடாமல், ஜப்பானியக் கைவேலையும் இத்தாலியக் கடலும் சேரும் இடம் எது என்று தேடுவது.

முதல் படி: எந்த வகைக் கடை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

மிலானின் சுஷி கடைகளை நான்கு வகையாகப் பார்க்கலாம். எண்ணிக்கையில் அதிகம் இருப்பது 'ஆல் யூ கேன் ஈட்' கடைகள். இத்தாலியர்களும் அதே ஆங்கிலப் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஒரே விலை கொடுத்துவிட்டு வேண்டிய அளவு சாப்பிடலாம். மதியம் சுமார் 13 முதல் 18 யூரோ, இரவில் 25 முதல் 32 யூரோ வரை ஆகும். பெரும்பாலானவற்றைச் சீனாவின் செஜியாங் மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நடத்துகின்றன. இரண்டாவது, கலவைப் பாணிக் கடைகள்: பிரேசில், பெரு சுவைகளோடு சுஷியைச் சேர்த்து, காக்டெய்லுடன் பரிமாறுபவை. மூன்றாவது, மெனுவிலிருந்து தனித்தனியாக ஆர்டர் செய்யும் மரபான ஜப்பானிய உணவகங்கள். ஆளுக்கு 35 முதல் 60 யூரோ வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது, ஒமகாசே கவுண்டர்கள். சமையல்காரர் தருவதைத் தரும் வரிசையில் சாப்பிட வேண்டும். நூறு யூரோவைத் தாராளமாகத் தாண்டும்.

முதல் வகையை ஒதுக்கித் தள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மிலான் மாணவர்களும் இளம் குடும்பங்களும் வார இறுதியைக் கழிக்கும் இடம் அது. நாலு பேர் சேர்ந்து சிரித்துப் பேசிச் சாப்பிட ஏற்றது. ஆனால் அது வேறு உணவு. கிரீம் சீஸ், பொரித்த ரோல், இனிப்பு டெரியாக்கி சாஸ், மயோனைஸ் இவைதான் அங்கே சுவையைத் தருகின்றன. மீன் பின்னால் நிற்கிறது. மீனுக்காகவும் அரிசிக்காகவும் போகிறீர்கள் என்றால் மூன்றாவது வகையில் தேடுங்கள். மதியத்தில் போனால் செலவும் கையைக் கடிக்காது. பல நல்ல கடைகளில் வார நாள் மதியம் நிர்ணய விலைச் சாப்பாடு உண்டு.

இரண்டாவது படி: வரைபடத்தில் தேடும்போது மதிப்பெண்ணை நம்பாதீர்கள்

கூகுள் மேப்ஸில் 'சுஷி மிலானோ' என்று போட்டால் 4.5 நட்சத்திரக் கடைகள் ஏராளமாக வரும். மூச்சுமுட்டச் சாப்பிட்டுவிட்டு 20 யூரோவில் வெளியே வந்தவரும் ஐந்து நட்சத்திரம் தருவார். அவர் பாராட்டுவது அளவை. உங்களுக்கு வேண்டியது வேறு.

அதனால் விமர்சனங்களுக்குள்ளே தேடுங்கள். ஒரு கடையைத் திறந்து, விமர்சனப் பகுதியில் 'ரீஸோ' என்ற இத்தாலியச் சொல்லைப் போட்டுப் பாருங்கள். அரிசி என்று பொருள். அரிசியைப் பற்றி யாருமே பேசாத கடை சந்தேகத்துக்குரியது. 'த்ரோப்போ ரீஸோ' (அரிசி அதிகம்), 'ரீஸோ ஃப்ரெத்தோ' (ஜில்லென்ற அரிசி) என்று பலர் எழுதியிருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். அரிசியின் சூட்டையும் புளிப்பையும் பாராட்டி நாலு பேர் எழுதியிருந்தால் அந்தக் கடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதேபோல் 'பான்கோ' என்றும் தேடலாம். கவுண்டரில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எழுதியவை வரும். கவுண்டர் இருக்கை உள்ள கடையில் மீன் வெட்டுவது உங்கள் கண்முன் நடக்கும்.

அப்புறம் படங்கள். மரப்படகில் குவித்த ரோல்கள், மேலே கோடுகோடாகச் சாஸ் என்று எல்லாப் படமும் ஒரே மாதிரி இருந்தால் அது முதல் வகைக் கடை. நிகிரிப் (அரிசி உருண்டையின் மேல் மீன் துண்டு வைத்த சுஷி) படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். மீன் துண்டு அரிசியின் இரு பக்கமும் வழிந்து இறங்க வேண்டும். அரிசி உருண்டை மீனைவிடப் பெரிதாக, ஓரம் கூர்மையாக, செங்கல் போல நின்றால் அது அச்சில் அழுத்தியது.

உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷ்லின் வழிகாட்டியைப் பாருங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். காம்பெரோ ரோஸ்ஸோ என்ற இத்தாலிய உணவுப் பதிப்பகம் சுஷிக்கென்றே வழிகாட்டி வெளியிட்டு, நட்சத்திரத்துக்குப் பதிலாகச் சாப்பிடும் குச்சிகளால் மதிப்பிட்டது. 'மூன்று குச்சி' பெற்ற கடைகளைப் பற்றி இத்தாலியப் பத்திரிகைகளில் எளிதில் படிக்கலாம்.

ஒன்றை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள்: சமையல்காரர் ஜப்பானியரா என்பது. மிலானில் அது பொருந்தாது. ஏன் என்று கடைகளைப் பற்றிச் சொல்லும்போது தெரியும்.

மூன்றாவது படி: மெனுவைப் படியுங்கள்

கிளம்பும் முன்பே கடையின் இணையதளத்தில் மெனுவைப் பாருங்கள். நூற்று ஐம்பது பண்டங்கள் கொண்ட மெனு என்றால், அவ்வளவு மீனையும் அன்றன்றைக்கு வாங்கி வெட்ட எந்தச் சமையலறையாலும் முடியாது. இரண்டு பக்கத்துக்குள் முடிகிற மெனு நல்ல அறிகுறி. அதில் 'இன்றைய மீன்' என்று ஒரு வரி இருந்தால் இன்னும் நல்லது.

சில பண்டங்களின் பக்கத்தில் சின்ன நட்சத்திரக்குறி இருக்கும். உறைநிலையில் வாங்கிய பொருள் என்று அர்த்தம். உறைந்ததை உறைந்தது என்று சொல்லாமல் விற்பது இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 515-ஆவது பிரிவின்படி வணிக மோசடியாகக் கருதப்படும். அதனால்தான் எல்லா உணவகங்களும் இந்தக் குறியைப் போடுகின்றன. குறியைக் கண்டு பயப்பட வேண்டாம். குறி நேர்மையாகப் போடப்பட்டிருப்பதே நல்ல விஷயம். சிசிலியின் மத்ஸாரா தெல் வல்லோ துறைமுகத்திலிருந்து வரும் புகழ்பெற்ற சிவப்பு இறாலை, வாரக்கணக்கில் கடலில் இருக்கும் படகுகள் பிடித்த உடனே படகிலேயே உறைய வைக்கின்றன. அது உறைந்ததுதான், ஆனால் இத்தாலியில் நீங்கள் பச்சையாகச் சாப்பிடக்கூடிய மிகச் சிறந்த பொருட்களில் ஒன்று.

மீன் பெயர்களைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் பெரிய உதவி. 'தோன்னோ ரோஸ்ஸோ' என்றால் நீலத்துடுப்புச் சூரை, மத்தியதரைக் கடலில் பிடிபடுவது. 'தோன்னோ பின்னா ஜல்லா' மஞ்சள்துடுப்புச் சூரை. விலை குறைவு, பெரும்பாலும் தூரக் கடல்களிலிருந்து வருவது. மெனுவில் வெறும் 'தோன்னோ' என்று இருந்தால் எது என்று கேளுங்கள். 'ரிச்சோலா' என்பது ஜப்பானியர்கள் ஹமாச்சி என்று கொண்டாடும் மீனின் நெருங்கிய உறவு. 'பிரான்ஸீனோ', 'ஒராத்தா' இரண்டும் வெள்ளைச் சதை மீன்கள். 'ஸ்கோம்ப்ரோ' கானாங்கெளுத்தி வகை. 'ரிச்சி தி மாரே' கடல் முள்ளெலி.

இரண்டு எச்சரிக்கைகள். 'பெஷெ பூர்ரோ' என்று மெனுவில் இருந்தால் ஆர்டர் செய்யாதீர்கள். வெண்ணெய் போல உருகும் அந்த மீனின் கொழுப்பு மனித உடலில் செரிக்காத மெழுகு வகையைச் சேர்ந்தது. சிலருக்கு வயிற்றைக் கலக்கி வெளியேற்றிவிடும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அதை எச்சரிக்கை அச்சிட்ட பொட்டலத்தில்தான் விற்க வேண்டும். ஜப்பானில் அதை விற்கவே தடை இருக்கிறது. இன்னொன்று, தட்டில் வரும் சூரையின் நிறம். எல்லாத் துண்டும் ஒரே சீராக, பளிச்சென்ற செர்ரிச் சிவப்பில் மின்னினால் சந்தேகப்படுங்கள். கார்பன் மோனாக்சைடு ஏற்றி நிறத்தை நிறுத்துவது ஐரோப்பாவில் தடைசெய்யப்பட்டது, ஆனால் அப்படிப்பட்ட மீன் அவ்வப்போது பிடிபடுகிறது. வெட்டி வைத்த நல்ல சூரை நேரம் ஆக ஆகக் கருஞ்சிவப்பாகி, ஓரத்தில் பழுப்பு ஏறும். பழைய மீனுக்கு நிறம் ஏற்றி ஏமாற்றினால் ஹிஸ்டமின் நச்சுக்கும் வாய்ப்பு உண்டு: முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும்.

நான்காவது படி: 'அப்பத்தூத்தோ' என்று கேட்கத் தயங்காதீர்கள்

பச்சை மீனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 853/2004 ஒழுங்குமுறைப்படி, பச்சையாகப் பரிமாறும் மீனையும் கணவாய் வகைகளையும் மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம், அல்லது மைனஸ் 35 டிகிரியில் 15 மணி நேரம் உறைய வைத்திருக்க வேண்டும். இதற்கென்று இத்தாலியச் சமையலறைகளில் 'அப்பத்தித்தோரே' என்ற இயந்திரம் இருக்கும். அதில் உறைய வைத்த மீனைத்தான் 'அப்பத்தூத்தோ' என்பார்கள். வீட்டுக் குளிர்பெட்டி மெதுவாக உறைய வைப்பதால் மீனுக்குள் பெரிய பனிப்படிகங்கள் உண்டாகிச் சதையைக் கிழித்துவிடும். இந்த இயந்திரம் மளமளவென்று வெப்பத்தை இறக்குவதால் படிகங்கள் சிறிதாகவே இருக்கும், சதை கெடாது.

அதனால் "எங்கள் மீன் எதுவுமே உறைய வைக்கப்படாதது, இப்போதுதான் கடலிலிருந்து வந்தது" என்று பெருமையாகச் சொல்லும் கடையைவிட, "ஆமாம், அப்பத்தூத்தோ, இரண்டு நாள் முன்பு வந்தது" என்று தெளிவாகச் சொல்லும் கடையை நம்புங்கள். கேட்க வேண்டிய வாக்கியம்: "இல் பெஷெ ஏ அப்பத்தூத்தோ?" யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இத்தாலியர்களே கேட்பதுதான். பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த சால்மனுக்கு விதிவிலக்கு உண்டு. அதில் இந்தப் புழு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

கர்ப்பிணிகள் இந்த நடைமுறையை நம்பிப் பச்சை மீன் சாப்பிட வேண்டாம். உறைநிலை புழுவைக் கொல்லும். லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாவை அது ஒழிக்காது.

ஐந்தாவது படி: முதல் தட்டிலேயே கடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்துவிடாதீர்கள். முதலில் ஒரு வெள்ளை மீன் நிகிரி, ஒரு கானாங்கெளுத்தி நிகிரி, இருந்தால் ஒரு முட்டை நிகிரி. இந்த மூன்றும் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடும். வெள்ளை மீனுக்கு மறைந்துகொள்ள கொழுப்பு கிடையாது. கத்தி வேலை சரியில்லை என்றால் ரப்பர் மாதிரி இருக்கும். கானாங்கெளுத்தியை உப்பிலும் வினிகரிலும் பக்குவப்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் கையில் கவிச்சி அடிக்கும், அல்லது ஊறுகாயாகிவிடும். முட்டை அவர்களே செய்ததா, பாக்கெட்டில் வாங்கியதா என்பது ஒரு கடியில் புரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே அரிசி. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நிகிரியின் அரிசி உடல் சூட்டில் இருக்க வேண்டும். வாயில் வைத்ததும் பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும், ஆனால் கையில் எடுக்கும்போது உதிரக் கூடாது. வினிகரின் புளிப்பு முதலில், உப்பு அடுத்து, இனிப்பு தூரத்தில். ஜில்லென்று கெட்டியாக இருந்தால் காலையில் செய்து குளிர்பெட்டியில் வைத்தது. மீன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்த அரிசி அதைக் கெடுத்துவிடும்.

மிலானில் அரிசி மோசமாக இருக்க நியாயமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் விளையும் அரிசியில் சுமார் பாதி இத்தாலியில் விளைகிறது. அதில் பெரும்பங்கு மிலானுக்கு மேற்கிலும் தெற்கிலும் உள்ள வெர்செல்லி, நோவாரா, பாவியா பகுதிகளில். செலேனியோ என்ற இத்தாலியக் குட்டை ரகம் சுஷிக்கு நன்றாகப் பொருந்துகிறது, பல கடைகள் அதைப் பயன்படுத்துகின்றன. எந்த அரிசி என்று கவுண்டரில் கேட்டுப் பாருங்கள். அக்கறையுள்ள சமையல்காரர் முகம் மலர்ந்து பதில் சொல்வார், அதற்கப்புறம் உங்களைக் கவனிக்கும் விதமே மாறும்.

முதல் தட்டு சரியில்லை என்றால் ஒரு மிசோ சூப்போடு முடித்து, பணம் கொடுத்து வெளியேறிவிடுங்கள். சரியாக இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "கோஸா சே தி புவோனோ ஓஜ்ஜி?" இன்று எது நன்றாக இருக்கிறது? ரிச்சோலா, சிவப்பு இறால், மத்தியதரைக் கடல் சூரை என்று பதில் வந்தால் அவற்றையே எடுங்கள். நார்வே சால்மன் உலகம் முழுக்கக் கிடைக்கும். சிவப்பு இறால் நிகிரியை இத்தாலியில் இருக்கும்போது சாப்பிட வேண்டும்.

ஆறாவது படி: முன்பதிவு, நேரம், பணம்

மதியச் சாப்பாடு 12.30 முதல் 2.30 வரை, இரவு 7.30-க்கு மேல். நடுவில் சமையலறை மூடியிருக்கும். நல்ல கடைகள் ஞாயிறோ திங்களோ விடுமுறை விடும். ஆகஸ்ட் நடுவில் ஃபெர்ராகோஸ்தோ விடுமுறையை ஒட்டி இரண்டு மூன்று வாரம் மூடிவிடும் கடைகளும் உண்டு. ஏப்ரலில் மரச்சாமான் (ஃபர்னிச்சர்) கண்காட்சி நடக்கும் வாரத்திலும், பிப்ரவரி, செப்டம்பர் ஃபேஷன் வாரங்களிலும் இடம் கிடைப்பது கடினம். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போது 'அல் பான்கோ' என்று சொன்னால் கவுண்டர் இருக்கை கிடைக்கும்.

பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ சேர்ந்திருக்கும். அது மேசைக் கட்டணம், ஏமாற்றல்ல. தண்ணீரும் காசு. டிப்ஸ் கட்டாயமில்லை. ஆல் யூ கேன் ஈட் கடைக்குப் போனால் பானமும் இனிப்பும் தனி விலை என்பதையும், தட்டில் மிச்சம் வைத்தால் அதற்குத் தனியே பணம் வாங்குவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் வெள்ளரி, அவகாடோ ரோல்களோடு சமாளிக்கலாம், ஆனால் மிசோ சூப்பின் அடிச்சாற்றில் உலர்ந்த மீன் பெரும்பாலும் இருக்கும். எள், சோயா, ஓட்டுமீன் என 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிய தகவலைத் தருவது ஐரோப்பாவில் கட்டாயம். கேட்டால் பட்டியலைக் காட்டுவார்கள்.

எங்கே தொடங்கலாம்

வியா எயுஸ்தாகி தெருவில் இருக்கும் போபோரோயாவில் தொடங்குங்கள். லீமா மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஷிரோ என்று ஊர் முழுக்க அறியப்பட்ட மினோரு ஹிரசாவா 1977-இல் ஜப்பானிய மளிகைக் கடையாகத் தொடங்கியது இது. 1989-இல் சுஷி பரிமாறத் தொடங்கியது. மிலானின் முதல் சுஷி பார் என்று இதைத்தான் சொல்வார்கள். சின்ன இடம், நெருக்கியடித்து உட்கார வேண்டும். அரிசியின் மேல் பச்சை மீன் துண்டுகள் பரப்பிய சிராஷியைத்தான் எல்லோரும் சொல்வார்கள், நீங்களும் அதையே சொல்லுங்கள். கடை திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது.

கையில் பணம் இருந்து, ஒரு விசேஷ இரவு வேண்டும் என்றால் இயோ. கிளாவ்தியோ லியூ என்ற சீன-இத்தாலியர் 2007-இல் தொடங்கியது. 2015-ஆம் ஆண்டு மிஷ்லின் வழிகாட்டியில் நட்சத்திரம் பெற்றபோது, இத்தாலியில் அந்த நட்சத்திரம் பெற்ற முதல் ஜப்பானிய உணவகம் என்ற பெயரும் சேர்ந்தது. அவருடைய உடன்பிறந்தவர்களும் இதே ஊரில் பெயர்பெற்ற ஆசிய உணவகங்களை நடத்துகிறார்கள்.

கோர்சோ இத்தாலியாவில் விக்கி பிரியனின் உணவகத்தைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். இலங்கையில் பிறந்து, ஜப்பானில் சுஷி கற்று, மிலானில் பேர் வாங்கியவர். மத்தியதரைக் கடல் மீனை ஜப்பானிய முறையில் வெட்டி, தன் சொந்தக் கற்பனையோடு பரிமாறுகிறார். சமையல்காரரின் பிறப்பிடத்தை வைத்துக் கடையை எடைபோட்டால் இவரையும் இழப்பீர்கள், லியூவையும் இழப்பீர்கள். இந்த இரண்டு கடைகளுக்கும் போகும் முன் திறந்திருக்கும் நாளையும் அப்போதைய விலையையும் அவர்கள் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரோம், தூரின், பொலோஞ்ஞா என்று வேறு நகரங்களுக்குப் போனாலும் இதே படிகள் போதும். தெற்கே கடற்கரை ஊர்களில் மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். பாரி நகரத்தில் மீனவர்கள் பச்சை ஆக்டோபஸும் கடல் முள்ளெலியும் துறைமுகத்திலேயே விற்பதும், மக்கள் நின்றபடியே சாப்பிடுவதும் பழைய வழக்கம். அந்த ஊர்களில் சுஷி கடை தேடி அலைவதைவிட, 'க்ரூதோ தி மாரே' என்று எழுதியிருக்கும் மீன் உணவகத்தில் உட்காருங்கள். எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் விட்ட பச்சை மீன் வரும். அங்கும் முதல் கேள்வி அப்பத்தூத்தோவா என்பதுதான்.